நிலவில் கரண்ட் போனால்: முதல் அறிவியல் நாவலை எழுதி, நாமே வெளியிடும் வழி

அறிவியல் புனைகதை எழுத நினைப்பவர்கள் முதலில் ஒரு தட்டுப்பாட்டைத் தேடுங்கள். எது போதாது, எது தீர்ந்துபோகும், எந்த எந்திரம் எந்த நேரத்தில் நிற்கும்? அதைப் பிடித்துவிட்டால் மனிதர்கள் தானாக வந்து சேர்வார்கள். நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்க்கிறேன். என் முதல் நாவலும் ஒரு பழுதிலிருந்துதான் வந்தது.

கதை நிலவில் ஒரு சுரங்க முகாமில் நடக்கிறது. நிலவில் ஓர் இரவு நம் கணக்கில் சுமார் 14 நாள். அவ்வளவு நாளும் சூரியத் தகடுகள் சும்மா கிடக்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கிய சந்திரயான் 3-இன் விக்ரம் கலத்தையும் அதிலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தியையும் செப்டம்பர் தொடக்கத்தில் உறங்க வைத்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு இரண்டும் எழவே இல்லை. சரி, அந்த இடத்தில் மனிதர்கள் இருந்தால்? ஒரு தாளில் கணக்குப் போட்டேன். சிறிய முகாமுக்கு 20 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 14 நாளுக்கு 336 மணி நேரம். பெருக்கினால் 6,720 யூனிட். லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 200 வாட்-மணி தாங்கினால், 33,600 கிலோ பேட்டரி வேண்டும். சந்திரயான் 3 புறப்பட்டபோது அதன் மொத்த எடையே சுமார் 3,900 கிலோதான். அப்படியானால் தாராளமாகச் செலவு செய்யும் அளவுக்கு யாரும் பேட்டரி கொண்டுபோய்க் கொடுக்கப் போவதில்லை. சிக்கனம் பிடித்தால் விடியும்வரை ஒப்பேற்றலாம் என்றுதான் திட்டம் போட்டிருப்பார்கள். நடு இரவில் ஒரு பேட்டரி அடுக்கு பழுதானால் எதை அணைப்பது? யார் முடிவு செய்வது? இங்கேயே கதை தொடங்கிவிட்டது.

இந்தக் கணக்கை நீங்களும் உங்கள் கதைக்குப் போடுங்கள். பள்ளிக்கூடப் பெருக்கல் போதும். தோராயமாக இருக்கலாம், ஆனால் கையால் போட்டதாக இருக்க வேண்டும். எண்கள் நாவலில் வர வேண்டிய அவசியம் இல்லை. அவற்றை அறிந்து எழுதும்போது கதாபாத்திரங்களின் பயம் உண்மையாகிவிடும்.

துருவத்தை ஒட்டிய சில மேடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும். முகாமை அங்கே வைக்க வேண்டியதுதானே என்று விவரம் தெரிந்த வாசகர் கேட்பார். கேட்கட்டும், பதில் கதைக்குள் இருக்க வேண்டும். என் கதையில் தாது கிடைப்பது வேறு இடத்தில். மேட்டிலிருந்து அங்கே கேபிள் இழுக்க முகாமை நடத்தும் கம்பெனிக்குப் பணம் செலவழிக்க மனமில்லை. பெரிய பெரிய தொழில்நுட்ப விளக்கத்தைவிட இப்படிப்பட்ட காரணத்தை வாசகர் சட்டென்று நம்புவார்.

அப்புறம், ஒரே ஒரு பக்கத்தில் அந்த உலகத்தின் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் பக்கத்தில் இருந்தவை: ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்கு, காற்று கிடையாது, தூசி கூர்மையானது, எதிலும் ஒட்டிக்கொள்ளும், வானொலிச் சமிக்ஞை பூமிக்குப் போக ஏறக்குறைய 1.3 விநாடி. கேள்வி போய் பதில் வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். சண்டை போடும் கணவன் மனைவிக்கு அது ரொம்ப நீளம். அந்த இடைவெளியில் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதிலேயே என் நாவலின் ஓர் அத்தியாயம் முழுக்க ஓடுகிறது. கதை செவ்வாயில் நடந்தால், சமிக்ஞை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்கே உரையாடல் எழுத முடியாது, கடிதம்தான் எழுத முடியும்.

உங்கள் உடம்புக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கதைக்குள் கொண்டுபோங்கள். எங்கள் தொழிலில் கியர்பாக்ஸில் பேரிங் போவதைக் காதுதான் முதலில் சொல்லும். நிலவில் காற்றில்லை, அதனால் வெளியே சத்தமில்லை. என் கதாநாயகி ஒரு பம்பின் மூடிமேல் கையை வைத்துப் பார்க்கிறாள். தடித்த கையுறையில் அதிர்வு சரியாகப் பிடிபடவில்லை. முழங்கையை அழுத்துகிறாள், அதுவும் போதவில்லை. கடைசியில் தலைக்கவசத்தையே மூடியில் சாய்க்கிறாள். உலோகம் வழியாக ஏறி, கவசத்துக்குள் இருக்கும் காற்றில் சன்னமாக ஒரு கரகரப்பு கேட்கிறது. இதை எழுதுவதற்கு முன் நானே ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு, ஓடும் மோட்டாரின் உறையில் சாய்ந்து பார்த்தேன். உங்களுக்குத் தறி தெரியலாம், படகு தெரியலாம், ஆஸ்பத்திரி வார்டு தெரியலாம். காற்றில்லாத இடத்தில், எடையில்லாத இடத்தில் அந்த வேலை எப்படி மாறும் என்று யோசியுங்கள். இணையத்தில் படித்து எழுதும் யாருக்கும் அது கிடைக்காது.

முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் அனார்த்தசைட் என்ற பாறை இருக்கிறது. சந்திரயான் 2 சோதனைகளுக்காக இஸ்ரோ அதை அரைத்துத்தான் நிலவு மண்ணைப் போன்ற ஒன்றைத் தயாரித்தது. பஸ் ஏறிப் போய் அந்தக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வெளிறிய அந்த நிறத்தைப் பார்த்தபின் என் நாவலில் தரையைப் பற்றிய வர்ணனை எல்லாம் சுருங்கித் தெளிவானது.

வேலைக்குப் போகிறவர்கள் வருடத்தைப் பார்த்து எழுத வேண்டும். தென்மேற்குக் காற்று கணவாய் வழியே அடிக்கும் மாதங்களில் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அப்போது குறிப்பு மட்டும் எடுப்பேன், ஐப்பசி மழை தொடங்கியபின்தான் அத்தியாயம் எழுதுவேன். தினமும் எழுதியே தீர வேண்டும் என்ற அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது.

முதல் வரைவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள்: அறிவியல் தெரிந்த ஒருவர், அறிவியல் கதையே படிக்காத ஒருவர். எனக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரும் என் அத்தையும் கிடைத்தார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். “அத்தே, எந்த இடத்துல மூடி வச்சீங்க?” என்று கேட்டேன். அவர் காட்டிய இடங்களில் எல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன், யாரும் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. வெட்ட வேண்டியது எது என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இனி வெளியீடு. பதிப்பகம் இல்லை என்றால் பதிப்பகத்தின் பொறுப்பு முழுக்க நம்முடையது. பணம் குறைவாக இருந்தால் விளம்பரத்தை விட்டுவிட்டு எடிட்டருக்குக் கொடுங்கள். எடிட்டிங் வேறு, எழுத்துப் பிழை தேடி மெய்ப்புப் பார்ப்பது வேறு. கதை இறுகியபின், மெய்ப்பைப் புதிய கண்கள் பார்க்கட்டும்.

மின்நூலுக்கு எழுத்துச் சுத்தம் முக்கியம். ‘கௌரி’ என்ற பெயரில் ஔகாரத்துக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ‘ள’வும் சேர்த்து ‘கெளரி’ என்று அடித்திருப்போம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை இரண்டு பெயர்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது, எழுத்துரு மாறினால் வித்தியாசம் பல்லிளிக்கும். கோப்பு முழுக்க ‘கெள’, ‘மெள’, ‘பெள’ என்று தேடிப் பார்த்து, தப்பாக அடித்தவற்றை மட்டும் மாற்றுங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றினால் ‘மெள்ள’ கெட்டுப்போகும். பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒரு முறை முழுதாகப் படியுங்கள்.

கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்தே தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. பான் எண், வங்கிக் கணக்கு, வரி விவரம் கொடுத்து, எழுத்தாளரே நூல் வெளியிட அமேசான் நடத்தும் கேடிபி தளத்தில் கணக்குத் தொடங்கலாம். வேர்டு கோப்பில் அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியை (Heading) கொடுத்தால் பொருளடக்கம் சரியாக அமையும். பத்தித் தொடக்கத்துக்கு டேப் தட்டாதீர்கள். அட்டைப்படம் 2,560 பிக்சல் உயரம், 1,600 அகலம். அதைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கியும் தலைப்பு படிக்க முடிகிறதா என்று பாருங்கள். உரிமைத்தொகை 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால், மின்நூலை அமேசானுக்கு மட்டும் தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் ஒரு தவணைக்கு 90 நாள் மின்நூலை வேறெங்கும் தரக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. முதல் புத்தகத்துக்கு நான் சேர்ந்தேன். செலக்டில் சேர்ந்த நூல்கள் கிண்டில் அன்லிமிடெட் சந்தாவிலும் வரும். அந்தச் சந்தாவில் படிப்பவர்கள், பெயர் தெரியாத எழுத்தாளரையும் தயங்காமல் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மின்நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் கட்டாயமில்லை. அச்சுப் புத்தகத்துக்கு வாங்கிவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். காசு கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை.

அச்சில் நாவலுக்கு டெம்மி அளவு (ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) வசதி. முதலில் டிஜிட்டல் அச்சில் குறைவாகப் போடுங்கள், தேவை தெரிந்தபின், மொத்தமாக அடிக்கும் ஆப்செட் அச்சுக்குப் போகலாம். பக்கங்களைப் பதினாறின் மடங்காக அமைத்தால் ஆப்செட்டில் பாரம் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) வீணாகாது. மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் மொத்தமாக அடிக்கச் சொல்லாதீர்கள். எனக்கு வந்த மாதிரியில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. லேஅவுட் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎப்பை நாமே கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அச்சுப் புத்தகம் வந்ததும் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியீட்டாளர் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். இங்கே வெளியீட்டாளர் நீங்கள்தான். நாம் சொந்தமாகப் போட்ட புத்தகம் எழும்பூரில் கன்னிமாராவில் எல்லாருக்கும் கிடைக்கிறது என்றால் அந்தத் தபால் செலவு பெரிதில்லை.

வாசகர்கள் சுட்டிக்காட்டும் பிழைகளை ஒரே கோப்பில் பக்க எண்ணோடு சேர்த்து வாருங்கள். கிண்டிலில் திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம். அச்சில் அடுத்த முறை அடிக்கும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.