முதல் ஆங்கிலேயக் குடியேறிகளின் பெற்றோரைக் கண்டறிவது எப்படி?

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலோ வர்ஜீனியாவிலோ குடியேறிய ஒருவரின் பெற்றோர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தால், தேடலை இங்கிலாந்தில் தொடங்கக் கூடாது. குடியேறிய ஊரில் அவர் விட்டுச்சென்ற உயில், நிலப் பத்திரம், நீதிமன்ற வாக்குமூலம் ஆகியவற்றைப் படித்து, அவருடைய வயது, தொழில், மனைவி மக்களின் பெயர்கள், உடன் பயணம் செய்தவர்களின் சொந்த ஊர் ஆகியவற்றை முதலில் திரட்டுங்கள். இந்த விவரங்கள் கையில் இல்லாமல் கடல் கடந்து தேடினால், அதே பெயருள்ள யாரோ ஒருவர் நம் மூதாதையாகிவிடுவார்.

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஸ்டீபன் ஹாப்கின்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அவர் குளோஸ்டர்ஷயரில் உள்ள வாட்டன்-அண்டர்-எட்ஜ் ஊரைச் சேர்ந்தவர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் அவருடன் கப்பலில் வந்த கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் என்ற பிள்ளைகள் இருவரும் ஸ்டீபன் என்பவரின் மக்களாக ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி ஆலயப் பதிவேட்டில் ஞானஸ்நானம் பெற்றிருப்பதை வம்சாவளி ஆய்வாளர் கேலப் ஜான்சன் 1998இல் வெளியிட்டார். தந்தையின் பெயர் ஒன்று மட்டும் பொருந்தியிருந்தால் அது தடயமாகவே நின்றிருக்கும். ஒரே வீட்டின் மூன்று பெயர்கள் ஒரே ஊரில், பொருத்தமான ஆண்டுகளில் சேர்ந்து வந்ததால்தான் அது சான்றாயிற்று. இந்தக் குடும்பத் தொகுப்பைத்தான் நீங்களும் தேட வேண்டும்.

ஆலயப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்ற ஆணை 1538இல் பிறந்தது என்றாலும், பல ஊர்களில் தொடக்கக் காலத்து ஏடுகள் எஞ்சவில்லை. அத்தகைய இடங்களில் ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பப்பட்ட படிகளை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். தேதிகளில் மிகுந்த கவனம் வேண்டும். 1752க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், ஜைல்ஸின் ஞானஸ்நானத்துக்குரிய 1607 ஜனவரி 30 என்பது நம் கணக்கில் 1608 ஆகும். இதைக் கவனிக்காவிட்டால், உடன்பிறந்தோரின் வயது வரிசையே குழம்பிவிடும்.

இதனினும் முக்கியமான வேலை, எதிர்க்கருத்தைச் சோதிப்பது. அதே பெயரில் ஞானஸ்நானம் பெற்று, குடியேறியவராக இருக்கக்கூடும் எனப் போட்டியில் உள்ள ஒவ்வொரு குழந்தையும் பின்னர் என்ன ஆனது என்று தேடுங்கள். சிறுவயதிலேயே அடக்கம் செய்யப்பட்ட பதிவோ, கப்பல் புறப்பட்ட பின்னரும் அதே ஊரில் வாழ்ந்ததைக் காட்டும் திருமணமோ உயிலோ கிடைத்தால், அந்த ஆளை ஐயமின்றி நீக்கிவிடலாம். பெற்றோர் எனக் கருதப்படுவோரின் உயிலையும் பாருங்கள். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் உறுதிசெய்யப்பட்ட உயில்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அக்கால உயிலில் சகோதரன் எனப்பட்டவர் மனைவியின் சகோதரனாகவும் இருக்கலாம் என்பதை மனத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

அச்சில் வந்த பழைய வம்சாவளி நூல்களை, மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் ஏற்க வேண்டாம். குஸ்டாவ் ஆஞ்சூ என்பவர் அமெரிக்கக் குடும்பங்களிடம் பணம் பெற்றுப் போலி வம்சாவளிகளை உருவாக்கினார்; அவை இன்றும் படியெடுக்கப்படுவது வருத்தத்துக்குரியது.

ஆண்வழி மரபணுச் சோதனை, இரு குடும்பங்கள் ஒரே தந்தைவழியைச் சேர்ந்தவை அல்ல என்று காட்ட வல்லது. ஆயினும், தந்தை யார், அவருடைய சகோதரர் யார் என்று அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே முடிவை எழுதும்போது, ஆவணம் நேரடியாகச் சொல்வதையும் நீங்கள் ஊகித்ததையும் தனித்தனியே குறித்து, நீக்கப்பட்ட ஆட்களின் பெயர்களையும் அதற்கான காரணத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள்.