குமரியில் முதல் மனையா? மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் எங்கே இடம் வாங்கிப் போடலாம் என்று கேட்டால், நாகர்கோவில், மார்த்தாண்டம், நாற்கரச் சாலைப் பக்கம் என்று ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். முதல் இடம் வீட்டிலிருந்து பைக்கில் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். அடிக்கடி போய்ப் பார்க்க முடியும், அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

அப்புறம், மழையில் போய்ப் பாருங்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் புரோக்கர் கூட்டிக்கொண்டு போனால் எந்த இடமும் நல்ல மேடாகத்தான் தெரியும். செம்மண் அடித்து நிரப்பிய ஏலாவா (நெல்வயலா), பழைய தென்னந்தோப்பு விளையா (மேட்டு நிலமா) என்பது மழையில்தான் வெளிச்சமாகும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 2021 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார். கிராம நிர்வாக அலுவலகத்தில் நில விவரம் எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்து நஞ்சையா புஞ்சையா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நஞ்சை என்றால் விலை குறைவாக இருந்தாலும் முதல்முறை வாங்குபவர் விட்டுவிடுவதே நல்லது.

மலையோரக் கிராமம் என்றால் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி தேவையா என்று முதலிலேயே கேட்க வேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை கட்டடக் கட்டுப்பாடு வரலாம்.

பத்திரத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1956 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால் பழைய மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம், அதைப் புரட்டிவிட்டுப் போகாமல் மலையாளம் படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகச் சொல்லச் சொல்லுங்கள். இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். கூட்டுப் பட்டா (பலர் பெயரில் சேர்ந்திருக்கும் பட்டா) என்றால் பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்பது தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மனைக்குப் போகும் வழியை டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். பத்து அடி வழி என்று வாயால் சொல்வதும் பத்திரத்தில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், இங்கே பாதிச் சண்டை வழிச் சண்டைதான்.

செலவுக் கணக்கு: ஒரு சென்ட் 435.6 சதுர அடி. வழிக்கு விட்ட இடத்தையும் சென்ட் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 10 லட்சத்துக்கு 90,000 ரூபாய் தனியாக வேண்டும்.

எல்லாம் சரி என்றால் சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.