சினைக் குதிரையைப் பசுவாக நினைத்தால்

ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தை முடிந்ததும் கடலூர், புதுச்சேரி பக்கம் புதிதாகச் சில பெட்டைக் குதிரைகள் வந்து இறங்கும். கல்யாண ஊர்வலத்துக்கு, சவாரி சொல்லிக்கொடுக்க, சிலருக்கு வெறும் ஆசைக்கு. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பசு வளர்த்துக் கை பழகியவர்கள். சிக்கலே அங்கேதான். எங்கள் காலத்தில் எல்லோரும் செய்த அதே தப்புகளை இப்போது வருகிற பிள்ளைகளும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

பூஞ்சை பிடித்த வைக்கோல் போடாதே, நிறைமாதத்தில் சவாரி போகாதே என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுகிறேன்.

நாள் கணக்கு

பசு ஏறக்குறைய 280 நாளில் கன்று போடும். குதிரைக்குச் சராசரி 340 நாள். 320-லிருந்து 365 வரை போனாலும் இயல்புதான். "பத்து மாசம் தாண்டிடுச்சு டாக்டர், ஒரு ஊசி போட்டு இறக்கிடலாமா?" என்று கேட்காதவர் குறைவு. குட்டியின் உடம்பு கடைசி சில நாட்களில்தான் வெளியுலகத்துக்குத் தயாராகிறது. அந்த நாட்களைப் பிடுங்கிக்கொண்டால் குட்டி பிழைக்காது. இணை சேர்ந்த தேதியை விற்பவரிடம் கேட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். அது எதற்கு என்பது அடுத்ததில் புரியும்.

சீக்கிரம் மடி இறங்கினால் சந்தோஷப்படுவது

இத்தனை வருடத்தில் எனக்கு எரிச்சல் தீராத தப்பு இதுதான்.

பசு மடி விட்டால் வீட்டில் எல்லோர் முகமும் மலரும். குதிரைக்கு மடி வளரத் தொடங்குவது பெரும்பாலும் கடைசி மாதத்தில்தான். காம்பு நுனியில் மெழுகுத் துளி போலக் கட்டுவது ஈற்றுக்கு ஓரிரு நாள் முன்பு. எட்டாம், ஒன்பதாம் மாதத்திலேயே மடி பெருத்துப் பால் சொட்டுகிறதென்றால் உள்ளே நஞ்சுக்கொடியில் கிருமி ஏறியிருக்கலாம், அல்லது வயிற்றில் இரட்டைக் குட்டி இருக்கலாம். இரண்டுமே ஆபத்து.

கிருமி பெரும்பாலும் பின்புறம் வழியாகத்தான் ஏறுகிறது. வயதான, மெலிந்த பெட்டைகளில் யோனியின் வாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சாணமும் காற்றும் உள்ளே போகும். அங்கிருந்து கருப்பை வாயைத் தாண்டி நஞ்சுக்கொடியைப் பிடிக்கும். குட்டிக்கு ரத்தமும் பிராணவாயுவும் போகும் பரப்பு நாளுக்கு நாள் சுருங்கும். வெளியே தெரிவதோ பெருத்த மடி மட்டும்தான். சிலவற்றுக்கு வாலுக்கு அடியில் கொஞ்சம் சீழ் காய்ந்து ஒட்டியிருக்கும். தினமும் வாலைத் தூக்கிப் பார்க்கிறவர் கண்ணில்தான் அது படும்.

பாகூர் பக்கம் ஒரு தம்பி. சந்தையில் ஐந்து மாதச் சினை என்று சொல்லி வாங்கிய செம்பழுப்புக் குதிரை. கார்த்திகை மழையில் மடி இறங்கியது. கணக்குப்படி ஒன்பது மாதம்தான். ஆனால் வீட்டில் தேங்காய் உடைத்தார்கள். பால் கட்டிக்கொள்ளும் என்று மாட்டு வைத்தியம் பார்க்கும் ஒருவர் சொல்ல, காலையும் மாலையும் கறந்து விட்டார்கள். எனக்குப் போன் வந்தது மார்கழியில், குட்டி விழுந்த பிறகு. போனபோது காது இரண்டும் தொங்கி, நெற்றி புடைத்து, பட்டு மாதிரி மெல்லிய மயிரோடு ஈர வைக்கோலில் கிடந்தது. உறிஞ்சத் தெம்பில்லை. நஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பை வாயை ஒட்டியிருந்த பகுதி தடித்து, பழுப்பேறி, பிசுபிசுவென்று இருந்தது. மூன்றாம் நாள் குட்டி போய்விட்டது.

கறந்தது இன்னொரு கொடுமை. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள் இருக்கும் குட்டிக்குப் போய்ச் சேராது. பிறந்த முதல் சில மணி நேரம் குடிக்கும் சீம்பால்தான் அதற்கு ஒரே வழி. அதை வாரக்கணக்கில் தரையில் விட்டாயிற்று. தானாகச் சொட்டினாலே இழப்புதான். கறந்து வேறு விட வேண்டுமா?

மடி இறங்கிய அன்றே கூப்பிட்டிருந்தால் ஸ்கேன் கருவியை ஆசனவாய் வழியாக விட்டு, கருப்பை வாய் அருகே கருப்பைச் சுவரும் நஞ்சும் சேர்ந்த தடிமனை அளந்திருப்போம். 330 நாள் தாண்டிய குதிரைக்கே 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன் வரம்பு இன்னும் குறைவு. ஆன்டிபயாடிக், வீக்கம் குறைக்கும் மருந்து, சினையைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோன் என்று சேர்த்துக் கொடுத்து, எல்லாக் குட்டியையும் இல்லாவிட்டாலும் பல குட்டிகளை உரிய நாள் வரை இழுத்துக்கொண்டு போக முடியும். தேதியைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான். தேதி தெரியாவிட்டால் ஒன்பதாம் மாத மடியா, பதினோராம் மாத மடியா என்று எனக்கும் தெரியாது.

பால் ஊசி

மாட்டுக்கொட்டகையில் மிச்சம் இருக்கும் ஆக்சிடோசினைச் சினைக் குதிரைக்குப் போடாதீர்கள். சின்ன அளவே ஈற்றைத் தொடங்கிவிடும்.

வயிற்றுவலிக்குக் கஷாயம்

ஏழாம் மாதத்துக்கு மேல் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலைத் தட்டுகிறது, கொஞ்சம் தேறி மறுபடி அதையே செய்கிறது என்றால் வெறும் வாய்வு என்று முடிவு கட்டாதீர்கள். கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மிளகும் பூண்டும் பெருங்காயமும் இடித்துக் கொடுத்து ஓர் இரவைக் கடத்தினால் கருப்பைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்பது கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே நாலு பேர் சேர்ந்து உருட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

கொழுத்த மட்டக் குதிரையைப் பட்டினி போடுவது

நிறைமாதத்தில் எடை குறைக்க நினைக்காதீர்கள். தீனி குறைந்தால் உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வந்து குவியும், ஈரல் கெடும். ரத்தத்தைக் குழாயில் எடுத்து நிறுத்தினால் மேலே தெளியும் நீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். ஒரு நாள் முழுக்கத் தீனியில் வாய் வைக்காவிட்டாலே கூப்பிடுங்கள்.

சிவப்புப் பை

ஈற்றின்போது முதலில் தெரிய வேண்டியது வெளிர் நிறப் பனிக்குடம். ரத்தச் சிவப்பில் வெல்வெட் போல ஒரு பை முன்னால் வந்தால் நஞ்சு முன்பே கழன்றுவிட்டது. உள்ளே குட்டி மூச்சுக்குத் தவிக்கிறது. எனக்குப் போன் போட்டுக் காத்திருக்காதீர்கள். கத்தரியால் பையைக் கிழித்து, குட்டியின் காலைப் பிடித்து வெளியே இழுங்கள். போன் பிறகு.

நஞ்சு விழக் காத்திருப்பது

பசுவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பார்க்கலாம். குதிரைக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டினால் கருப்பையில் விஷம் ஏறி, குளம்பு வரை கெட்டுக் குதிரை நொண்டியாகிவிடும். தொங்கும் நஞ்சில் செங்கல் கட்டுவதும் இழுப்பதும் கூடாது. கால் பட்டுக் கிழியாமல் முடிந்து மேலே கட்டினால் போதும். விழுந்த பிறகு வைக்கோலில் சுற்றி ஆலமரத்துக்குக் கொண்டு போகும் அவசரம் வேண்டாம். நாய் இழுக்காமல் ஒரு வாளியில் போட்டு மூடி வையுங்கள். நான் வந்து தரையில் விரித்து, நஞ்சின் இரண்டு கொம்பும் (கருப்பையின் இரண்டு கிளைக்குள் இருந்த பகுதி) நுனி வரை முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நுனி உள்ளே தங்கினாலும் மேலே சொன்ன அத்தனை கேடும் வரும்.