பழைய வீ-ல இருக்கிற மீ முகங்களை ஸ்விட்சுக்கு கொண்டு வர்றது எப்படி

போன மாசம் பரண்ல கெடந்த நின்டெண்டோ வீ கேம் கன்சோலை இறக்கி டிவில மாட்டினேன். மீ-ன்னா நம்ம முகம் மாதிரியே செஞ்சுக்கற கார்ட்டூன் ஆளு, அவங்க இருக்கற மீ சேனலைத் திறந்தா 2009 லீவுல நாங்க உக்காந்து செஞ்ச பதினோரு பேரும் அப்படியே நடந்துட்டு இருக்காங்க, அம்மா, சித்தி, அத்தை பசங்க, கண்ணாடி போட்ட தாத்தா. தாத்தா இப்ப இல்ல. நின்டெண்டோவோட பிற்கால கன்சோலான ஸ்விட்ச்ல புதுசா ஒரு மீ செஞ்சு பாத்தேன், அவரு வரவே இல்ல, ஏன்னா அந்த மீசை அந்த இடத்துல இருக்கறது அவரு பக்கத்துல உக்காந்து "இன்னும் கொஞ்சம் கீழ எறக்குடா"ன்னு சொன்னதால. அதே மீ தான் வேணும்னு மூணு நாள் உக்காந்து கொண்டு வந்துட்டேன். அந்த வழியை அப்படியே எழுதுறேன்.

நேரா வீ-லேர்ந்து ஸ்விட்சுக்கு வழி கிடையாது. வீ-லேர்ந்து 3டிஎஸ் (நின்டெண்டோவோட கைல புடிச்சு ஆடற கன்சோல்), அங்கேர்ந்து அமீபோ பொம்மை (உள்ள சின்ன சிப் இருக்கற நின்டெண்டோ பொம்மை), பொம்மையிலேர்ந்து ஸ்விட்ச், இதான் ரூட்டு. இன்டர்நெட் எங்கயும் தேவையில்ல, 3டிஎஸ் ஆன்லைன் 2024 ஏப்ரல்ல நின்னுடுச்சேன்னு கவலைப்படாதீங்க.

3டிஎஸ் வாங்கறதா இருந்தா "நியூ"ன்னு பேர்ல இருக்கற மாடலா பாத்து வாங்குங்க, நியூ 3டிஎஸ் இல்ல நியூ 2டிஎஸ் எக்ஸ்எல். அதுல கீழ் ஸ்கிரீனே அமீபோவைப் படிக்கும். பழைய மாடலுக்கு தனியா ஒரு ரீடர் தேடி அலையணும். வீ-க்கு அடுத்து வந்த வீ யூ கன்சோலை வெச்சும் செய்யலாம், ஆனா இதுக்காக மட்டும் அந்தப் பெரிய பெட்டியை வாங்குன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஸ்டெப் 1: முதல்ல ஒரு பேக்கப். வீ ரிமோட்டுக்குள்ளயே 10 மீ வரைக்கும் காப்பி பண்ணி வெச்சுக்கலாம். எங்க வீட்ல பதினோரு பேர்ங்கறதால ரெண்டாவது ரிமோட்டையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. ஏதாவது திருத்தணும்னா இப்பவே இங்கயே திருத்திடுங்க. வேற கன்சோல்லேர்ந்து வந்த மீ நீல பேன்ட் போட்டிருக்கும், அதை எடிட் பண்ண விடாது.

ஸ்டெப் 2: இங்கதான் நான் ஒரு ராத்திரி பூரா மாட்டிக்கிட்டேன். மீ சேனல்ல 3டிஎஸ்க்கு அனுப்பற பட்டன்னு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் நடந்துட்டு இருக்கற அந்த ஸ்கிரீன்லயே இருந்து ரிமோட்ல ஏ, அப்புறம் பி, அப்புறம் 1, கடைசியா 2-ஐ அழுத்தி அப்படியே புடிச்சுக்கணும். ஒரு டிஎஸ் ஐகான் புதுசா வரும். எனக்கு ஏன் வரலன்னா ரெண்டு காரணம், ஒண்ணு நான் 2-ஐ டக்குன்னு தட்டி விட்டுட்டேன், மூணு செகண்டாவது புடிச்சிருக்கணும். இன்னொண்ணு, அவசரத்துல ஏ-வையும் பி-யையும் சேத்து அழுத்திட்டேன், சேத்து அழுத்தினா கீழ நிக்கற ஆளைத் தூக்கிடும், சித்தி காத்துல தொங்கிட்டு காலை உதைக்கிறாங்க, ஐகான் மட்டும் வரல. அதனால அம்புக்குறியை ஆளில்லாத வெத்துத் தரையில வெச்சுட்டு, ஒண்ணொண்ணா நிதானமா அழுத்துங்க.

ஐகான் வந்துடுச்சா, அதுல யாரை அனுப்பணுமோ அவங்களைத் தேர்வு பண்ணுங்க. 3டிஎஸ்-ல மீ மேக்கரைத் திறந்து, அனுப்பற-வாங்கற பக்கத்துக்குப் போய் வீ-லேர்ந்து வாங்கற ஆப்ஷனைத் தட்டுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சா போதும்.

முதல் முகம் 3டிஎஸ்-ல வந்து நின்னப்போ யோசிச்சேன், ஒரு வீ மீ-யோட மொத்த டேட்டாவும் 74 பைட் தான். இந்தப் பத்தியில ஒரு வரிக்குக் கூட அது பத்தாது! முகத்தோட போட்டோ எதுவும் அதுல இல்ல, எந்த மூக்கு, எந்தக் கண்ணு, எவ்வளவு இடைவெளிங்கற நம்பர் மட்டும். நின்டெண்டோவோட கேம் டிசைனர் மியாமோட்டோ, 2007 ஜிடிசி-ங்கற கேம் டெவலப்பர்கள் மாநாட்டுப் பேச்சுல இந்த ஐடியா எத்தனையோ வருஷமா உருமாறி வந்ததைச் சொன்னாரு, ஜப்பான்ல கொகேஷின்னு ஒரு மரப்பொம்மை, ரெண்டு மூணு கோட்டுலயே முகம் வந்துடும், மீ-யும் அந்த மாதிரிதான். அவ்வளவு சின்னதா இருந்ததாலதான் ரிமோட்டுக்குள்ள கூட அடங்குச்சு, கைல எடுத்துட்டுப் போக முடிஞ்சுது. அதே காலத்துல 2008 டிசம்பர்ல சோனியோட பிளேஸ்டேஷன் ஹோம்ங்கற ஆன்லைன் உலகம் வந்துச்சு, ஆளு பாக்க நிஜ மனுஷன் மாதிரி இருப்பாங்க, துணிமணி, வீடு எல்லாம் காசு குடுத்து வாங்கலாம். 2015 மார்ச் 31 அன்னைக்கு சர்வரை மூடினாங்க, எல்லாம் அதோட போச்சு. மீ சேனல்லயும் ஆன்லைன் வழியா மத்தவங்க வீட்டு மீ-ங்க ஊர்வலமா வந்துட்டு இருந்தாங்க, 2013 ஜூன்ல அந்த சேவையும் நின்னுச்சு, ஆனா அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டவங்க இன்னும் இருக்காங்க.

ஸ்டெப் 3: 3டிஎஸ் ஹோம் மெனு செட்டிங்ஸ்ல அமீபோ செட்டிங்ஸ் போங்க. ஓனர், செல்லப்பேரு பதியற ஆப்ஷன் இருக்கும். பொம்மையைக் கீழ் ஸ்கிரீன்ல வெச்சு, ஓனரா தாத்தாவோட மீ-யைக் குடுங்க. ரீசெட் பக்கம் போயிடாதீங்க, அந்தப் பொம்மையில ஏற்கனவே கேம் டேட்டா இருந்தா அழிஞ்சுடும்.

ஸ்டெப் 4: ஸ்விட்ச்ல சிஸ்டம் செட்டிங்ஸ், அதுல மீ, புதுசா ஒண்ணு செய்யிற இடத்துல அமீபோலேர்ந்து காப்பி பண்ற ஆப்ஷன். பொம்மையை வலது ஜாய்கானோட (ஸ்விட்ச் கன்ட்ரோலர்) ஸ்டிக் மேல வெய்யுங்க. வந்துடுவாங்க.

ஒரு பொம்மையில ஒரு நேரத்துக்கு ஒரு முகம்தான். அதனால ஸ்டெப் 3-ஐயும் 4-ஐயும் ஒவ்வொருத்தருக்கும் திரும்பத் திரும்ப செய்யணும், ஓனரை மட்டும் மாத்திட்டே போங்க, பதினோரு பொம்மை வாங்க வேணாம். எங்க வீட்டுக்கு ஒரு யோஷி பொம்மையே போதுமா இருந்துச்சு. இப்ப மரியோ கார்ட் 8 டீலக்ஸ்லயும் ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்லயும் எல்லாரும் இருக்காங்க, அம்மா பவுலிங்ல தாத்தாவைத்தான் எடுக்கறாங்க.

அப்டேட்: க்யூஆர் கோட் வெச்சு செய்யக் கூடாதான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. 3டிஎஸ், வீ யூ ரெண்டுக்கும் நடுவுல அது வேலை செய்யும், ஸ்விட்ச் அதைப் படிக்காது. பேரு 10 எழுத்துக்குள்ளதான், தமிழ்ல அடிக்க வழியில்ல.

இன்னொரு அப்டேட்: வீ இருக்கு, சென்சார் பார் தொலைஞ்சு போச்சு, அம்புக்குறியே வரலன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அந்த பார் எதையும் சென்ஸ் பண்றதில்ல, ரெண்டு முனையிலயும் இன்ஃப்ராரெட் விளக்கு, அவ்வளவுதான், பாக்கறது ரிமோட்தான். டிவிக்கு முன்னாடி ஒரு சாண் இடைவெளி விட்டு ரெண்டு மெழுகுவத்தி ஏத்தி வெய்யுங்க, அகல் விளக்கா இருந்தாலும் சரி. திரைச்சீலையை மட்டும் தள்ளி விட்டுக்கங்க. நேத்து ராத்திரி அவருக்கு அம்புக்குறி வந்துடுச்சாம், இப்ப ஸ்டெப் 2-ல இருக்காரு.