ரெய்டு புள்ளி ஊருக்குப் பொது, ரெய்டரின் முகம் அவருக்கே சொந்தம்: பேன்டஸி லீக் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. ஐபிஎல் நடப்பதும் அதே சமயத்தில்தான். நிஜ ஆட்டக்காரர்களைச் செயலியில் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டம்தான் பேன்டஸி லீக். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அப்படி அணி கட்ட இதைவிட வாகான காலம் இல்லை. உள்ளூர் மின்னொளி கபடிக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கும் அதேபோல ஒன்றை நாமே உருவாக்கலாமே என்று இறங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் சட்டத்தில்தான்.

செயலியில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் போடும் அட்டையை ஒரே பொருளாக நினைப்பதில் பிழை தொடங்குகிறது. ஓர் அட்டையைப் போன் திரையில் விரலால் விரித்துப் பாருங்கள். மேலே படம், அதன் கீழே பெயர், ஓரத்தில் அணியின் லோகோ, அடியில் ‘ரெய்டு 14, போனஸ் 3, டேக்கிள் 2’. படத்தின் பதிப்புரிமை ஒருவருடையது. படத்தில் இருக்கும் முகத்துக்கு உரியவர் வேறொருவர். லோகோ அணியின் வணிகச் சின்னம். கடைசி வரி மட்டும்தான் யாருக்கும் சொந்தமில்லாதது.

எண்களைப் பற்றிய பயம் அதனால் வேண்டாம். களத்தில் நடந்த உண்மைக்குப் பதிப்புரிமை கிடையாது. தொகுத்த உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் இருந்தால்தான் பாதுகாப்பு என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இன்னொரு தளம் தானாக யோசித்து அமைத்த தரவரிசையையும் அதன் விளக்க வரிகளையும் அப்படியே அள்ளி ஒட்டினால் அது வேறு கதை. உள்ளூர்ப் போட்டிக்கு உங்கள் ஸ்கோரரே மேசையில் உட்கார்ந்து எழுதட்டும், சிக்கலே இல்லை.

‘டெல்லியில் தீர்ப்பு வந்தாச்சு, யார் படத்தையும் போடலாம்’ என்ற பேச்சை நம்புவது பெரிய தவறு. 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் உள்ளிட்டோரின் பெயரும் உருவமும் கொண்ட டிஜிட்டல் அட்டை வழக்கில் இடைக்காலத் தடை தர மறுத்தது உண்மைதான். பொதுவெளியில் உள்ள தகவலை ஒருவர் தனக்கே என்று பூட்டிவைக்க முடியாது என்றது. ஆனால் அங்கே பயன்பட்டது ஓவியம், பிறர் எடுத்த புகைப்படம் அல்ல. வந்ததும் இடைக்கால உத்தரவுதான். ராமநாதபுரம் மாவட்டத்துக்குரிய, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை டெல்லி உத்தரவு கட்டுப்படுத்தாது. அங்கே அதை எடுத்துக்காட்டி வாதாடலாம், அவ்வளவே. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் அனுமதியில்லாமல் பயன்படுத்திய படத்துக்கு 2015-ல் தடை விதித்தது நம் சென்னை உயர் நீதிமன்றம் என்பதையும் மறக்கக்கூடாது. ஆட்டப் பட்டியலில் ஒருவர் பெயர் வருவது தகவல். அவர் முகத்தை முகப்பில் பெரிதாகப் போட்டு ‘உடனே சேருங்கள்’ என்று எழுதினால், அவரே நம் லீக்கைப் பரிந்துரைப்பதுபோல ஆகிவிடும். வழக்கு வருவது அங்கிருந்துதான்.

புகைப்படம்: போட்டி நடத்தும் கமிட்டி காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால், மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை கமிட்டிக்கு. ஒருவர் தன் ஆர்வத்தில் வந்து எடுத்து முகநூலில் போட்ட படம் அவருடையது. கீழே பெயர் போட்டு நன்றி சொன்னால் போதும் என்பது தப்பு. எழுத்தில் அனுமதி வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

நம் பையன்களுக்கு நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. எடைப்பிரிவு கபடிக்குப் பெயர் கொடுக்கும்போது ஆதார் நகல், பிறந்த தேதி, எடை, செல் நம்பர் எல்லாம் வாங்குகிறோம். அதையே எடுத்துச் செயலியில் ஏற்றிவிடுகிறார்கள். ‘முழங்கால் காயம், இந்த வாரம் சந்தேகம்’ என்றும் போடுகிறார்கள். எத்தனை ரெய்டு போனார் என்பது கூட்டமே பார்த்தது. அவர் முழங்காலில் என்ன பிரச்சினை என்பது அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலானது. பதிவுக்கு வாங்கிய தாள் பதிவோடு நிற்க வேண்டும்.

பணம் வைத்தால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை. ஆளுக்கு 50 ரூபாய் ஜிபேயில் வாங்கி, ஜெயித்தவருக்குப் பணம் தரும் இணைய ஆட்டத்தை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஸ்பான்சர் என்று தன் பெயரைச் சேர்க்கும் கடைக்காரருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அனுமதித் தாளை எடை பார்க்கும் மேசையிலேயே வாங்கிவிடுங்கள்; ஆட்டம் முடிந்தபின் யாரும் கிடைக்கமாட்டார்கள். ஒரு பக்கம் போதும். எந்தப் படம், எந்த லீக், எதுவரை, விளம்பரத்துக்கும் சேர்த்தா இல்லையா, வேண்டாம் என்றால் யாரிடம் சொல்லி நீக்குவது, எல்லாம் தமிழில் இருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 17 வயது ரெய்டரின் கையெழுத்தோடு தாயோ தந்தையோ கையெழுத்திட வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருந்தால் அம்மாவை வரச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பையனின் அட்டையில் படத்துக்குப் பதில் ஜெர்சி நம்பர் மட்டும் இருக்கட்டும்.