பெர்பெரின் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ரத்தச் சர்க்கரை குறையும் என்று பலர் வாங்கும் சப்ளிமென்ட் பெர்பெரின். அந்தக் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பளீரென்று மஞ்சள் தூள் இருக்கும். நாக்கில் துளி வைத்தாலே போதும், கசப்பு லேசில் போகாது. நிறத்தைப் பார்த்து இதை மஞ்சள் கிழங்கின் சாரம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது வேறு, இது வேறு. மஞ்சள் கிழங்கில் இருப்பது குர்குமின். பெர்பெரின் என்பது மரமஞ்சள், பார்பெர்ரி, கோல்டன்சீல் போன்ற செடிகளின் வேரிலும் பட்டையிலும் கிடைக்கும் ஓர் ஆல்கலாய்டு, அதாவது உடலில் வேலை காட்டக்கூடிய செடி வேதிப்பொருள். காஃபினும் மார்ஃபினும் ஆல்கலாய்டுகள்தான். ஆக, ‘செடிச் சரக்குதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்ற நினைப்பே முதல் தவறு. ஒன்றும் செய்யாத பொருளாக இருந்தால் காசு மட்டும்தான் நஷ்டம். இது சர்க்கரையை உண்மையிலேயே குறைக்கிறது, சிக்கலே அங்கேதான்.

2008-ல் சீனாவிலிருந்து வெளியான ஒரு சிறிய ஆய்வைப் பலரும் எடுத்துக் காட்டுவார்கள். டைப் 2 சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 36 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு பெர்பெரினும் மற்றதற்கு, சர்க்கரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையான மெட்ஃபார்மினும் கொடுத்தார்கள். இரண்டுமே 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. 3 மாதத்தில் பெர்பெரின் குழுவின் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரி 9.5 சதவீதத்திலிருந்து 7.5-க்கு இறங்கியது. மெட்ஃபார்மினுக்குக் கிட்டத்தட்ட ஈடு. நல்ல செய்திதான். ஆனால் இதைப் படித்துவிட்டு, எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தானாகவே நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. 36 பேர், 3 மாதம், அவ்வளவுதான். மெட்ஃபார்மினுக்குப் பின்னால் இருப்பது வேறு கணக்கு. 1998-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், எடை கூடிய நோயாளிகளை 10 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, மாரடைப்பு 39 சதவீதம் குறைந்ததைக் காட்டினார்கள். ரிப்போர்ட்டில் எண் இறங்குவதும் இதயம் தப்பிப்பதும் ஒன்றல்ல. ‘எனக்கு இயற்கையானதுதான் வேண்டும்’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: மெட்ஃபார்மினின் பூர்வீகமும் கலேகா என்ற செடிதான். டைப் 1 நோயாளிகள் இன்சுலினை நிறுத்திவிட்டு இதை நம்பினால் சில நாட்களிலேயே உயிருக்கே ஆபத்து வரும்.

சரி, நிறுத்தவில்லை, கூடவே சேர்த்து எடுக்கிறேன் என்றால்? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெர்பெரினைத் தனியாக எடுக்கும்போது சர்க்கரை ஒரேயடியாகச் சரிவது அரிது. இன்சுலினோடோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையோடோ சேரும்போது 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போக வாய்ப்பு உண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் ‘மருந்து வேலை செய்கிறது’ என்று சந்தோஷப்படாமல், உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று வெளியே தெரியாமல் நடக்கும். கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கிற என்சைம்களின் வேகத்தை பெர்பெரின் குறைக்கிறது. அப்போது நீங்கள் வழக்கமாக விழுங்கும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கிவிடும். சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள், புதுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க எடுக்கும் சைக்ளோஸ்போரினின் அளவு இப்படி ஏறுவது நோயாளிகளிடமே பார்க்கப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும், சில வகைக் கொழுப்பு மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடவே கூடாது. டாக்டர் ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்று கேட்டால் நம்மில் பலர் மாத்திரைகளை மட்டும் சொல்லி, சப்ளிமென்ட்டை விட்டுவிடுகிறோம். பாட்டிலையே எடுத்துக்கொண்டு போவது நல்லது. அறுவை சிகிச்சை என்றால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் லேபிள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1500 மி.கி. என்று இருக்கும். பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில் ‘ஒரு பரிமாறல்: 3 கேப்ஸ்யூல்’. அதாவது ஒன்றில் 500-தான். சிலவற்றில் அந்த எண் வேர்ச் சாற்றின் எடையைக் குறிக்கும், அதற்குள் பெர்பெரின் எவ்வளவு என்பதே இருக்காது. அப்படிப்பட்ட பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். லேபிளில் சரியாக இருந்தாலும் உள்ளே இருக்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் விற்கும் 15 பெர்பெரின் தயாரிப்புகளைப் பரிசோதித்த ஓர் ஆய்வில் 9 தேறவில்லை. லேபிளில் சொன்னதில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். விலை கூடினால் தரமும் கூடும் என்பதும் அங்கே பொய்த்துப்போனது. வெளி ஆய்வகத்தின் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

மூன்று வேளைக்கானதை ஒரே வேளையில் விழுங்கினால் வயிறு சும்மா விடாது. பேதி, மலச்சிக்கல், வயிற்றுப் பிடிப்பு, குமட்டல் எல்லாமே இதற்குத் தெரிந்த பக்க விளைவுகள். விழுங்குவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது, மீதி குடலிலேயே சுற்றுகிறது. அதனால்தான் ஆய்வுகளில் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வேளையில் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, வயிறு பழகிய பிறகு கூட்டுவது தேவலை.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பதிலும் அவசரம். இன்று ஆரம்பித்து நாளைக் காலை விரலைக் குத்திப் பார்ப்பார்கள். முந்தைய நாள் சரியாகத் தூங்கவில்லை என்றாலே அந்த எண் மாறும். ஹெச்பிஏ1சி பார்ப்பது ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை; அந்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே ஹெச்பிஏ1சியை ஆரம்பிக்கும் முன் ஒருமுறையும் 3 மாதம் கழித்து ஒருமுறையும் எடுத்து ஒப்பிட வேண்டும். இடையில் நடைப்பயிற்சி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, பெர்பெரின் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கைகொடுத்தது என்று கடைசிவரை தெரியாது. என்னைக் கேட்டால் முதல் இரண்டையும் முதலில் தொடங்குங்கள் என்பேன்.

எடை குறையும் என்று வாங்குகிறவர்கள் 2023-க்குப் பிறகு பெருகிவிட்டார்கள். ‘இயற்கையின் ஓஸெம்பிக்’ என்று சமூக ஊடகத்தில் கிளப்பிவிட்டதன் விளைவு. ஓஸெம்பிக் என்பது சர்க்கரை நோய்க்கான ஊசி மருந்து; அதில் இருக்கும் செமாக்ளூடைடு, கூடுதல் டோஸில், 68 வாரச் சோதனையில் உடல் எடையைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. பெர்பெரினில் எதிர்பார்க்கக்கூடியது ஓரிரு கிலோ.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதில் பேச்சே இல்லை, கூடாது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை பெர்பெரின் பிரித்துவிடக்கூடியது. பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றி மூளை வரை பாதிக்கலாம்.