இதய வால்வில் கிருமி: துணைக்கு இருப்பவர் பார்க்க வேண்டியவை

என் தம்பிக்கு அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு பழுதாகிவிட்டது. போன ஐப்பசியில் அந்த வால்வில் கிருமி பிடித்தது. ஆறு வாரம் ஊசி மருந்து. கூட இருந்தது நான்.

வெட்டுத் தழும்பில் ஒட்டுப்பால் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிருமியும் ரத்த உறைவும் சேர்ந்து வால்வு விளிம்பில் அப்படித்தான் ஒட்டியிருக்கும். அதில் ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு போய் எங்காவது அடைத்துக்கொள்ளும். மருந்து தொடங்கி முதல் இரண்டு வாரம் இந்த ஆபத்து அதிகம். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று அசந்துவிடாதீர்கள். வால்வில் ஒட்டியிருப்பது எத்தனை மில்லிமீட்டர், ஆடுகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் ஆபரேஷனைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

துணுக்கு மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க, காலையிலும் இரவிலும் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிறதா, ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கியதா என்று கேளுங்கள். இடது விலாவுக்குக் கீழே வலித்தால் மண்ணீரலாக இருக்கலாம். இடுப்புப் பக்கம் வலித்து, சிறுநீர் சிவப்பாகவோ கட்டன்சாயா நிறத்திலோ போனால் சிறுநீரகம். வலப்பக்க வால்வில் கிருமி என்றால் துணுக்கு நுரையீரலுக்குப் போகும். நெஞ்சுவலி, இருமினால் ரத்தம்.

அப்புறம் கால். ஐந்தாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு, "கால் மரத்துப் போச்சு அக்கா, பைய அமுக்கி விடு" என்றான். இரண்டு பாதத்திலும் ஒரே நேரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வலது வெதுவெதுப்பாக இருந்தது. இடது கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன. அமுக்கவில்லை, நர்ஸைக் கூப்பிட ஓடினேன். அன்று காலையே தொடை இடுக்கில் திறந்து அடைப்பை எடுத்தார்கள். கால் பிழைத்தது. இப்படி ஆனால் தைலம், வெந்நீர் ஒத்தடம் எதுவும் வேண்டாம். ரத்தம் போகாத கால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும்.

வீட்டில் இருக்கும்போது வாய் கோணினாலோ கை விழுந்தாலோ உடனே 108. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜானாலும் வேறு எங்கேயானாலும், போனதும் முதலில் "வால்வில் கிருமி" என்று சொல்லுங்கள். சாதாரணப் பக்கவாதத்துக்குப் போடும் உறைவு கரைக்கும் ஊசியை இவர்களுக்குப் போட்டால் மூளையில் ரத்தம் கசியலாம். எந்த வால்வு, மருந்து தொடங்கிய தேதி, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வையுங்கள்.

இன்னொன்று. வால்வு பழுதானவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் இரண்டு தடவை கொடுத்தோம். அதனால் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் கிருமி வளரவே இல்லை. காலிலிருந்து எடுத்த துணுக்கைச் சோதித்த பிறகுதான் எந்தக் கிருமி என்று தெரிந்தது. முதலில் ரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பட்டும், மருந்து அதன் பிறகு.